ஆர்

செவ்வாய் காலை
இன்குபேட்டர் கதவைத் திறக்கிறேன்.
வடிக்க மறந்த சோற்றின் வாடை.
பதினொரு வருஷம் ஆகியும்
மூக்குதான் முதலில் சொல்கிறது:
வளர்ந்திருக்கு.

முக்கூடலில் ஒரு காதுகுத்து.
முன்னூறு இலை, கோழி பிரியாணி.
ஒரு நாள் கழித்து நாற்பத்தொரு பேருக்கு
வயிற்றோட்டமும் குளிர்காய்ச்சலும்.
பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்
எங்கள் மேஜைக்கு ஆட்கள் வருவதில்லை.
மூடி போட்ட டப்பாக்கள்தான் வரும்.
முப்பத்தாறாம் டப்பா
பேச்சித்தாய், வயது மூன்று.
விசாரித்தபோது தெரிந்தது,
காது குத்தியது அவளுக்குத்தான்.

வேலை சின்னது.
தட்டில் கிருமியைப் பஞ்சால் பூசி
அதன்மேல் மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகளை
வைத்துவிட்டு
ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும்.
மருந்துக்குப் பயந்த கிருமி
பொட்டைச் சுற்றி விலகி நிற்கும்,
ஆனித் தேர் திரும்பும்போது
ரத வீதியில் கூட்டம் ஒதுங்குகிற மாதிரி.
அந்த வெற்று வட்டத்தை
ஸ்கேல் வைத்து அளப்பேன். அவ்வளவுதான்.

பழைய நோட்டுகளிலும் என் கையெழுத்துதான்.
சால்மொனெல்லா, சிப்ரோ:
வேலைக்குச் சேர்ந்த வருஷம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
பிறகு இருபத்தேழு.
கொரோனாவுக்கு அப்புறம் பத்தொன்பது.
இன்று முப்பத்தாறாம் தட்டில்
பொட்டின் விளிம்புவரை வந்து
ஒட்டி உட்கார்ந்திருக்கிறது,
பந்தியில் இடம் பிடித்தவன்போல.
ஆறு என்று எழுதினேன்.
பொட்டின் அகலமே ஆறு.
எங்கள் கணக்கில் சுழியத்துக்குப் பேர் ஆறு.

"எவ்வளவு?"
போனில் வார்டு டாக்டர் ஜெபக்கனி.
"ஆறு மேடம்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு ஊசியை மாற்றச் சொல்லும் குரல்,
வேறு யாரிடமோ.

வியாழன். மானூர் தாண்டி ஒரு கோழிப்பண்ணை.
ஜீப்பில் என் மடியில் ஐஸ்பெட்டி.
பண்ணைக்காரர் கோயில்பிச்சை
எதையும் மறைக்கவில்லை.
"குஞ்சு கம்பெனிக்காரன் இறக்குதான்,
தீவனம் அவன், பவுடரும் அவன்.
நான் தண்ணியில கலக்குதேன்.
எனக்கு வளர்ப்புக்கூலி மட்டுந்தாம்மா.
கலக்கலைன்னா நூறு சாவும்,
அந்த நூறையும் என் கணக்குலதான் பிடிப்பான்."
நீல வாளியில் மஞ்சள் தண்ணீர் நுரைத்தது.
எந்தக் கோழிக்கும் நோய் இல்லை.
எல்லாம் வெள்ளையாய், கொழுகொழுவென்று,
நாற்பது நாள் ஆயுளோடு.

மூன்று வாரம் கழித்து
சென்னையிலிருந்து மரபணு வரிசை வந்தது.
மானூர்க் கிருமி முக்கூடல் கிருமி இல்லை.
அது ஜோடி சேர்ந்தது வேறொன்றோடு:
போன வருஷத்து நோட்டு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு,
கல்லிடைக்குறிச்சி, ஆண், அறுபத்தெட்டு,
ரத்த மாதிரி, அளவு ஆறு.
எதிரே பென்சிலில் ஒரு கோடு,
ஆள் இல்லை என்பதற்கு நாங்கள் இடுவது.
அப்போது யாரும் எங்கும் போகவில்லை.
ஒற்றை ஆளுக்கு ஜீப் கிடைக்காது.
அந்த எண்ணை எழுதிவிட்டு நான்
டீ குடிக்கப் போயிருப்பேன்.

பேச்சித்தாய் மூன்றாவது மருந்தில் எழுந்தாள்.
வீட்டுக்குப் போன அன்று
கம்மலைக் கழற்றியிருந்தார்கள்,
ஓட்டை தூராமலிருக்க வேப்பங்குச்சி.
அவளுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது,
இன்னும் தெரியாது.
வெட்டுக்கட்டையா, ஐஸா, சமையல்காரர் கையா,
ஆற்றில் கழுவிய அண்டாவா.

கம்ப்யூட்டரில் அவள் வரிக்கு நேரே
மருந்துக்கு மருந்து ஓர் எழுத்து.
எஸ் என்றால் கேட்கும்.
ஆர் என்றால் கேட்காது.
வாய்விட்டுச் சொல்லித் தட்டுவது என் பழக்கம்.
ஆர்.
ஆர்.
எஸ்.
ஆர்.

"ஆரு ஆருன்னு ஆரைக்கா தேடுதீக?"
என்கிறாள் அடுத்த மேஜையில்
பணகுடிக்காரி நிஷா.

கீழே வருகிறேன்,
முப்பத்தேழாம் டப்பா.